சக்கரத்தில் ஓர் அங்குல ஆசை

சாதாரண ஸ்டீல் ரிம்மை அறுத்து, பட்டை வைத்து, 'ஆழம்' காட்டும் மோகம் ஜீப்பிலிருந்து காருக்குத் தாவி வெகுநாளாகிவிட்டது. அழகு கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்டீயரிங்கிலும் பிரேக்கிலும் நடக்கும் மாற்றம் தெரிவதில்லை.

ஹரியானாவின் சிர்ஸா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டியிருக்கும் சிறு நகரம் மண்டி டப்வாலி. பெயரிலேயே மண்டி இருந்தாலும் வடஇந்திய இளைஞர்களுக்கு அந்த ஊர் என்றதும் நினைவுக்கு வருவது தானியமல்ல, ஜீப். ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, அக்கு அக்காகப் பிரித்து, மறுபடி கட்டி விற்ற பட்டறைகளால் பெயர் பெற்ற ஊர் இது. 'லண்டி' ஜீப் என்று பஞ்சாபில் செல்லமாக அழைக்கப்படும் இந்த வண்டிக்குச் சில அங்க லட்சணங்கள் உண்டு. கூரை கிடையாது. முன்கண்ணாடி குட்டை. சக்கரங்கள் மட்கார்டைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ரிம்மின் நடுப்பகுதி கிணறு போல உள்ளே இறங்கியிருக்கும்.

அந்தக் கிணற்றின் மீதான காதல் ஜீப்போடு நிற்கவில்லை. தில்லியின் கரோல் பாக், மும்பையின் குர்லா, பெங்களூரின் ஜே.சி. ரோடு என்று கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் தெருக்களில் பளபளக்கும் அலாய் வீல்கள் அடுக்கிக் கிடக்கின்றன. ஆனால் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காத ஒரு கூட்டம் உண்டு. பழைய அம்பாசடர், பிரிமியர் பத்மினி, மாருதி 800, ஜிப்ஸி ஆகியவற்றை வைத்துக்கொண்டு, வண்டியோடு வந்த அதே கறுப்பு ஸ்டீல் வீலை அகலப்படுத்தி ஆழமாக்க விரும்புகிறவர்கள் இவர்கள். பணம் இருந்தால் அலாய் வீல் யாரும் வாங்கலாம். அறுத்து ஒட்டிய ஸ்டீல் வீல் ஊரில் ஒருவரிடம்தான் இருக்கும் என்பது இவர்களுடைய கணக்கு. செலவும் குறைவு.

கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது. ரிம்மின் முகம் உள்ளே போகும்போது டயர் வெளியே வருகிறது. டயர் எந்த இடத்தில் தரையைத் தொட வேண்டும் என்பது காரை வடிவமைத்தவர்கள் மில்லிமீட்டர் கணக்கில் முடிவு செய்த விஷயம். ஓர் அங்குலம் நகர்த்தினாலே ஸ்டீயரிங், பிரேக், பேரிங், சஸ்பென்ஷன் எல்லாமே தங்களுக்கு விதிக்கப்படாத வேலையைச் செய்யத் தொடங்குகின்றன.

இரண்டு துண்டுகளின் கதை

ஸ்டீல் வீல் இரண்டு துண்டுகளால் ஆனது. டயர் உட்காரும் வளையம் ரிம். ஹப்பில் நட்டுப் போட்டு முடுக்கும் நடுத் தட்டு டிஸ்க். எஃகுப் பட்டையை வளையமாக வளைத்து, முனைகளைப் பற்றவைத்து, உருளைகளுக்கு இடையே ஓடவிட்டு ரிம்முக்கு வடிவம் கொடுக்கிறார்கள். டிஸ்க் தனியாக அச்சில் அழுத்தி எடுக்கப்படுகிறது. பிறகு இரண்டையும் பற்றவைத்தால் வீல் தயார். சென்னை பாடியில் 1960-ல் தொடங்கிய வீல்ஸ் இந்தியா, பஞ்சாபின் தப்பரில் ஆலை வைத்திருக்கும் ஸ்டீல் ஸ்ட்ரிப்ஸ் வீல்ஸ் போன்ற நிறுவனங்கள் பெரும் எண்ணிக்கையில் இப்படித்தான் வீல் செய்கின்றன.

அலாய் வீல் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக வருவது. அதை அறுத்தால் வீணாகிவிடும். ஸ்டீல் வீலோ பற்றவைத்துப் பிறந்தது. எனவே அறுத்து மறுபடியும் பற்றவைக்கலாம் என்ற எண்ணம் எந்தப் பட்டறைக்காரருக்கும் எளிதாக வரும். அந்த எண்ணத்தைச் செயலாக்க மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, பட்டை வைப்பது. ரிம்மை லேத்தில் மாட்டிச் சுற்றிலும் அறுத்து, இடையில் ஒன்று அல்லது இரண்டு அங்குல அகலப் பட்டையை வளைத்து வைத்துப் பற்றவைப்பார்கள். இரண்டாவது, வெளிப்பக்கப் பாதியை அறுத்தெறிந்துவிட்டு, அகலமான வேறொரு ரிம்மின் பாதியை அங்கே பொருத்துவது. மூன்றாவது, ரிம்மின் அகலத்தைத் தொடாமல், நடு டிஸ்க்கை மட்டும் பெயர்த்து உள்பக்கமாகத் தள்ளி ஒட்டுவது. மூன்றிலும் வெளியே தெரியும் பலன் ஒன்றுதான்: ஆழம். ஆனால் காருக்கு நேரும் விளைவு ஒன்றல்ல.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். வெளிப்பக்கம் 2 அங்குலப் பட்டை வைத்தால், அதாவது சுமார் 50 மில்லிமீட்டர், ரிம்மின் மையக்கோடு அதில் பாதி, 25 மி.மீ. மட்டுமே வெளியே நகரும். உள்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். டிஸ்க்கை 50 மி.மீ. உள்ளே தள்ளினாலோ டயர் முழுசாக 50 மி.மீ. வெளியே வந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒரே ஆழம். டயரின் நகர்வு இரண்டாவதில் இரு மடங்கு. மலிவான வழி எதுவோ அதுவே அதிகம் நகர்த்துவது என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

பந்தயம் தந்த ஃபேஷன்

இந்த ஆசை இந்தியாவில் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய அமெரிக்க இளைஞர்கள் தெற்கு கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்களை வாங்கிப் பிரித்து, 'ஹாட் ராட்' என்று பெயரிட்டு ஓட்டினார்கள். ஸ்டீல் வீலின் டிஸ்க்கைப் பெயர்த்துத் திருப்பி ஒட்டி, குரோமிய முலாம் பூசுவது அந்த வட்டாரத்தில் ஒரு கலையாகவே வளர்ந்தது. பிரிட்டனில் 1960-களில் மினி கார்களின் பத்து அங்குலச் சக்கரங்களும் இதேபோல அகலமாக்கப்பட்டன. ஸ்டீல் வீல் ஏதோ ஏழைகளின் சமாசாரம் என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தின் முதன்மைப் பிரிவுக் கார்கள் 2021 வரை ஸ்டீல் வீலில்தான் ஓடின. 2022-ல்தான் அலுமினியத்துக்கு மாறின.

பந்தயக் கார்களில் ஆழம் அலங்காரமாக வந்ததல்ல. பின்சக்கரங்களுக்கு எஞ்சின் சக்தி போகும் கார்களில் அகலமான டயர் வேண்டும். டிஸ்க் ஹப்புக்கு அருகிலேயே இருந்தாக வேண்டும். உள்பக்கம் சஸ்பென்ஷன் இடம் கொடுக்காது. எனவே ரிம் வெளிப்பக்கமாக நீண்டது. நடுவில் குழி விழுந்தது. அந்தக் குழி அகலமான டயரின் நிழல். ரசிகர்கள் குழியை ரசிக்கப் பழகினார்கள். காலப்போக்கில் காரணம் மறந்துபோய்க் குழி மட்டும் மிஞ்சியது.

இன்றைய சிறிய கார்களின் ஸ்டீல் வீல் தட்டையாகவோ, நடுவில் புடைத்தோ இருப்பது கம்பெனியின் கஞ்சத்தனம் அல்ல. இவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. ஹப், பிரேக், எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் தண்டின் மூட்டு எல்லாமே சக்கரத்தின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். அவற்றுக்கு இடம் விட வேண்டுமானால் டிஸ்க் வெளியே தள்ளி இருக்க வேண்டும். டிஸ்க் ஹப்பைத் தொடும் முகத்துக்கும் ரிம்மின் மையக்கோட்டுக்கும் உள்ள தூரத்தை ஆஃப்செட் என்பார்கள். இத்தகைய கார்களில் அது பொதுவாக 35 முதல் 50 மி.மீ. வரை இருக்கும். ஆழம் வேண்டும் என்று கேட்பது இந்த எண்ணைக் குறை என்று கேட்பதுதான்.

லாபம் எவ்வளவு?

சக்கரம் வெளியே வந்தால் வண்டி சாலையை 'நன்றாகப் பிடிக்கும்' என்பது பட்டறைத் தெருக்களில் பரவலான நம்பிக்கை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் அதிகமானால் இந்த எடை மாற்றம் குறையும். கவிழும் அபாயமும் குறையும்.

மாருதி ஜிப்ஸியே இதற்கு நல்ல உதாரணம். 1985-ல் வந்த ஜிப்ஸி உயரமும் ஒடுக்கமுமான வண்டி. 1993-ல் மாருதி அதன் சக்கர இடைவெளியை 90 மி.மீ. அகலமாக்கி முன்பக்கம் 1,300 மி.மீ. ஆக்கியது. ஆனால் கம்பெனி அதைச் செய்தது ரிம்மை அறுத்து அல்ல, அச்சையே நீளமாக்கி. சக்கரத்துக்கும் அது திரும்பும் அச்சுக்கும் உள்ள உறவு மாறாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அதே ஜிப்ஸிக்குப் பக்கத்துக்கு 2 அங்குலப் பட்டை வைத்தால் இடைவெளி சுமார் 1,350 மி.மீ. ஆகும். வளைவில் எடை மாற்றம் சுமார் 4 சதவீதம் குறையும். இதுதான் லாபம். அதே டயரை அகலமான ரிம்மில் மாட்டுவதால் டயரின் பக்கச் சுவர் சற்று விறைப்பாகி, ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்புவதும் உண்மை. ஆனால் ஒவ்வொரு டயருக்கும் இவ்வளவு முதல் இவ்வளவு அகல ரிம் வரை என்று ஒரு வரம்பு உண்டு. உதாரணமாக 205/70 ஆர் 15 டயருக்கு அது 5 முதல் 7 அங்குலம். வரம்பைத் தாண்டினால் டயர் இழுபட்டு, அதன் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராது. பள்ளத்தில் இறங்கும்போது கல்லும் சிமெண்ட் விளிம்பும் டயருக்குப் பதிலாக ரிம்மையே நேராகத் தாக்கும்.

கதவும் கீலும்

நஷ்டக் கணக்கு ஸ்டீயரிங்கில் தொடங்குகிறது. முன்சக்கரம் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாத, சற்றே சாய்ந்த ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைக் கீழ்நோக்கி நீட்டினால் தரையில் ஓரிடத்தைத் தொடும். அந்த இடத்துக்கும் டயர் தரையில் பதியும் பரப்பின் நடுவுக்கும் உள்ள தூரத்துக்கு ஸ்க்ரப் ரேடியஸ் என்று பெயர். கதவைக் கீல் பக்கத்தில் தள்ளினால் லேசில் அசையாது. கைப்பிடிப் பக்கம் தள்ளினால் உடனே திறக்கும். சக்கரமும் அப்படித்தான். இந்தத் தூரம் குறைவாக இருக்கும்வரை சாலை கொடுக்கும் உதை ஸ்டீயரிங் வரை வராது. தூரம் கூடினால் ஒவ்வொரு பள்ளமும் கைப்பிடிப் பக்கம் நின்று கதவைத் தள்ளுகிறது.

ஆஃப்செட்டில் 25 மி.மீ. குறைத்தால் ஸ்க்ரப் ரேடியஸ் அநேகமாக அதே 25 மி.மீ. கூடுகிறது. முதலிலேயே அது ஓரிரு சென்டிமீட்டருக்குள் இருக்கும் கார்களில் இது சிறிய மாற்றமல்ல. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் கனக்கும். ஓடும்போது சாலையின் பள்ளமும் தடமும் சக்கரத்தைத் தம் பக்கம் இழுக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மண் ஓரத்தில் இறங்கினால் வண்டி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் மோட்டாரே இந்தக் கனத்தைச் சுமந்துவிடுவதால் ஓட்டுகிறவருக்கு முதல் எச்சரிக்கை கிடைப்பதே இல்லை.

பிரேக்கில் விஷயம் இன்னும் தீவிரமாகிறது. 1972-ல் வந்த ஆடி 80 காரில் ஜெர்மானியப் பொறியாளர்கள் டயரின் நடு, அச்சு தரையைத் தொடும் இடத்துக்கு உள்பக்கமாக அமையுமாறு வைத்தார்கள். காரணம் இதுதான்: பிரேக் குழாய்கள் ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமுமாக இரண்டு ஜோடிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. ஒரு ஜோடி பழுதானால் முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டுமே பிரேக் பிடிக்கும். கார் அந்தப் பக்கம் இழுக்கும். டயரின் நடு உள்பக்கம் இருந்தால் அதே பிரேக் விசை சக்கரத்தை எதிர்த் திசையில் லேசாகத் திருப்பி, காரை நேராக வைக்க உதவும். ஒரு சக்கரம் ஈரத்திலும் மற்றது உலர்ந்த தார்ச்சாலையிலும் இருக்கும்போதும் இதே பாதுகாப்பு வேலை செய்யும்.

பின்னர் வந்த முன்சக்கர இயக்கக் கார்கள் பலவும் இந்தத் தத்துவத்தைப் பின்பற்றின. அப்படிப்பட்ட காரில் டயரை ஓர் அங்குலம் வெளியே நகர்த்தும்போது, உள்ளே இருந்த நடுப்புள்ளி வெளியே போய்விடுகிறது. உதவி செய்த விசை இப்போது இழுப்போடு சேர்ந்துகொள்கிறது. உலர்ந்த சாலையில் நிதானமாக ஓட்டும்வரை இது தெரியாது. மழை நாளில், நெடுஞ்சாலையில், முன்னால் போகும் லாரி திடீரென்று நிற்கும் அந்த ஒரு வினாடியில் தெரியும்.

அடுத்து பேரிங். டயர் தாங்கும் எடை பேரிங்குக்கு நேர்மேலே இருந்தால் பேரிங் சுமப்பதோடு சரி. எடை வெளியே தள்ளி இருந்தால் அது பேரிங்கை நெம்பவும் செய்யும். ஒரு முன்சக்கரத்தில் 350 கிலோ இருப்பதாக வைத்துக்கொண்டால், 25 மி.மீ. நகர்வு ஏறக்குறைய 9 கிலோ எடையை ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் தொங்கவிட்டது போன்ற கூடுதல் நெம்புதலைத் தருகிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் இது ஓயாது. பள்ளத்தில் விழும்போது பல மடங்காகும். பேரிங் சீக்கிரம் ஊளையிடத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கின் மீதான நெம்புகோலும் நீள்வதால் முன்பக்கம் சற்று தொய்வாகவும் தோன்றும்.

எடையையும் மறக்கக் கூடாது. 15 அங்குல ரிம்மில் 2 அங்குல அகலமும் 3 மி.மீ. கனமும் உள்ள எஃகுப் பட்டையின் எடை சுமார் 1.4 கிலோ. அகலமான டயரும் போட்டால் இன்னும் சில கிலோ. இது ஸ்பிரிங்குக்குக் கீழே, அதுவும் சக்கரத்தின் விளிம்பில் ஏறும் எடை. டிக்கியில் வைக்கும் இரண்டு கிலோ அரிசிப் பைக்குச் சமமல்ல. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் அதைச் சுழற்ற வேண்டும். பிரேக் போடும்போது நிறுத்த வேண்டும். மேட்டில் ஏறி இறங்கும்போது ஷாக் அப்சார்பர் அடக்க வேண்டும்.

இரண்டு சக்கரங்களை மட்டும் மாற்றுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பின்சக்கரங்களை மட்டும் அகலமாக்கிப் பெரிய டயர் போட்டால் வேகமான வளைவில் முன்பக்கம் முதலில் வழுக்கும். முன்பக்கத்தை மட்டும் அகலமாக்கினால் பின்பக்கம் முதலில் பிடி விடும். பின்பக்கம் விலகும் காரை அடக்கி நேராக்குவது பயிற்சி பெற்ற பந்தய ஓட்டுநருக்குக் கைவரலாம். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிறவருக்கு வராது.

ஐம்பது லட்சம் முறை

இதுவரை சொன்னவை பட்டறை வேலை அப்பழுக்கற்றதாக இருந்தாலும் நேரும் விளைவுகள். வேலையில் குறை இருந்தால் கதை வேறு.

சராசரிச் சிறிய காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 500 முறை சுற்றுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் 50 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ரிம்மின் ஒவ்வொரு பகுதியும் ஒருமுறை சுமை ஏறி இறங்குகிறது. மெல்லிய கம்பியை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி ஒடிப்பது எல்லோரும் செய்து பார்த்த விஷயம். எஃகின் களைப்பு என்பது இதுதான். ஒரே அடியில் உடையாத பொருள், சிறிய சுமையை லட்சக்கணக்கான முறை தாங்கிய பிறகு விரிசல் விடும்.

விரிசல் பெரும்பாலும் பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் தொடங்கும். வெப்பம் பட்ட எஃகின் உட்கட்டமைப்பு அங்கே மாறியிருக்கிறது. மேடும் பள்ளமுமான விளிம்பில் சுமை குவிகிறது. உள்ளே ஊடுருவாத வெல்டிங், குமிழ் விழுந்த வெல்டிங் எல்லாம் வெளியே பார்த்தால் தெரியாது. கிரைண்டரில் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் சுத்தமாகத் தெரியாது. தொழிற்சாலையில் ஒரு வீல் வடிவம் சந்தைக்கு வருவதற்கு முன் அதன் மாதிரிகளை இயந்திரத்தில் மாட்டி, வளைவில் திரும்புவது போல வளைத்தும், எடையோடு உருட்டியும் லட்சக்கணக்கான சுற்று சோதிக்கிறார்கள். பட்டறையில் செய்த வீலுக்கு முதல் சோதனைக் களம் நெடுஞ்சாலை. சோதனை செய்பவர் உரிமையாளர்.

விரிசலுக்கு முன் சில்லறைத் தொல்லைகள் வரும். பட்டை வைக்கும்போது ரிம் வெப்பத்தில் இழுத்துக் கொண்டு கோட்டமாகும். கோட்டம் ஒரு மி.மீ.க்கு மேல் போனாலே ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரியலாம். எவ்வளவு ஈயம் வைத்துப் பாலன்ஸ் செய்தாலும் கோட்டம் நேராகாது; ஈயம் எடையைச் சமன் செய்யுமே தவிர வடிவத்தைத் திருத்தாது. வெல்டிங்கில் ஊசித்துளை இருந்தால் ட்யூப்லெஸ் டயரில் காற்று நிற்காது. உடனே உள்ளே ட்யூப் போட்டு மறைத்துவிடுவது சுலபமான வழி. அது கசிவை மறைக்கும். கசிவு சொல்ல வந்த செய்தியையும் சேர்த்து மறைக்கும்.

பட்டறையில் இருப்பவர்களுக்கே உயிராபத்தான பழக்கம் ஒன்றும் உண்டு: டயரைக் கழற்றாமல் ரிம்மில் வெல்டிங் வைப்பது. ரிம்மின் சூட்டில் உள்ளே ரப்பர் சிதைந்து எரிவாயுவாகி டயர் வெடிகுண்டு போல வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. டயரை ரிம்மிலிருந்து முழுமையாகக் கழற்றிய பிறகே சூடு காட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவுக்குக் கறாரான விளக்கம் தந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. விதிகள் அனுமதிக்காத வகையில், பாகங்களைப் பொருத்துவது உட்பட, வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தது.

ரிம்மை அறுத்துப் பட்டை வைத்த சக்கரத்தை எந்த அதிகாரியும் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்று சொல்ல முடியாது. டயர் மட்கார்டுக்கு வெளியே நின்று பின்னால் வருபவர் மீது சேறும் கல்லும் வாரி இறைத்தால் நிச்சயம் கண்ணில் படும். இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டு, பிறகு விபத்து நடந்தால், நஷ்ட ஈடு கேட்கும்போது சர்வேயரின் கேமரா முதலில் திரும்பும் இடங்களில் சக்கரமும் ஒன்று.

கைத்திறனைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின், ஒரு டயல் கேஜ் மட்டும் வைத்துக்கொண்டு வளையத்தை வளையத்தோடு மயிரிழை பிசகாமல் சேர்க்கும் தொழிலாளர்கள் இந்தியப் பட்டறைகளில் இருக்கிறார்கள். உதிரி பாகம் கிடைக்காத காலத்தில் நாட்டின் வண்டிகளை ஓட வைத்தவர்கள் இவர்கள்தான். இவர்களால் கோட்டத்தை எடுக்க முடியும். ஆஃப்செட்டைத் திரும்பக் கொடுக்க முடியாது. எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும் வெளியே நகர்ந்த டயர் வெளியேதான் இருக்கும்.

ஆசை தீர வழியே இல்லையா? கண்காட்சிக்கு மட்டும் போய்வரும் பழைய வண்டி வேறு, தினமும் நெடுஞ்சாலையில் ஓடும் கார் வேறு என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும். தினமும் ஓடும் காருக்குப் பாதுகாப்பான வழி, அதே மாடலின் உயர்ரக வகைக்குக் கம்பெனியே கொடுக்கும் ரிம், டயர் அளவுகளைத் தாண்டாமல் இருப்பது. சந்தையில் புது வீல் வாங்குகிறவர்கள் விட்டத்தையும் நட்டு ஓட்டைகளின் வட்டத்தையும் மட்டும் பார்க்காமல் ஆஃப்செட் எண்ணைக் கேட்க வேண்டும். 'ஈடி' என்ற எழுத்துகளோடு அது பெரும்பாலும் வீலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டரில் இருந்தால் கவலையில்லை. அங்குலத்தில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே பட்டை வைத்த வீலில் வண்டி வாங்கியவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. டயரைக் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, வெல்டிங் ஓரத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். விரிசலைக் காட்டும் சாயத்தைத் தடவித் துடைத்துப் பார்க்கும் சோதனையை நல்ல இயந்திரப் பட்டறைகளில் செய்து தருவார்கள், செலவும் அதிகமில்லை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அந்த வீலை மறுபடி பற்றவைக்கக் கூடாது. பழைய இரும்புக் கடையில் போட வேண்டும். அதுவும், வேறொருவர் எடுத்துப்போய்ப் பெயிண்ட் அடித்து விற்காதபடி, குறுக்கே அறுத்துப் போட வேண்டும்.